டி அண்டு டி கேம்பெயினுக்குச் செயலியும் கருவியும் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டி அண்டு டி (டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்) என்பது டைஸ் உருட்டிக் கூட்டாகக் கதை சொல்லும் ஆட்டம்; பல முறை கூடி ஆடும் ஒரு தொடர்கதைதான் கேம்பெயின். அதில் புதிதாக ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஆகிறவர்கள் பெரும்பாலும் வாலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு டேப்லெட் வாங்கிவிடுவார்கள். அப்புறம் வரைபடம் காட்டும் மென்பொருளுக்குப் பணம் கட்டுவார்கள். குறிப்புகளை எங்கே எழுதுவது என்ற யோசனை கடைசியில்தான் வரும். மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாம் முறை கூடி ஆடும்போது, ஒருவர் "அந்தச் சுங்கச்சாவடிக் கணக்கர் பேர் என்ன?" என்று கேட்டதும் வாட்ஸ்அப், பழைய நோட்டு, நாலு பிடிஎஃப் என்று துழாவ ஆரம்பிப்பார்கள். மேசையில் இருப்பவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் குறிப்பு, அடுத்து ஆட்டக்காரர்கள் பார்க்கும் பக்கம், பிறகு வரைபடம், கடைசியில் கருவி. முந்தையதை முடிவு செய்யாமல் அடுத்ததைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் இந்த வரிசை.

டி அண்டு டி ஐந்தாம் பதிப்பு, ஒரு ஜிஎம், நாலைந்து ஆட்டக்காரர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாத்ஃபைண்டரோ வேறு விதிமுறையோ ஆடுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எல்லோரும் ஒரே மேசையில் ஆடுகிறீர்களா, ஆன்லைனிலா, இல்லை நாலு பேர் வீட்டில், ஒருவர் மட்டும் பெங்களூரில் என்ற கலவையா? முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். மூன்றில் கலவைதான் கடினம். அதற்கு ஒலிக்கென்று தனியாகத் திட்டம் போட வேண்டும். ஏழாம் பகுதியில் அதற்கு வருகிறேன்.

அடுத்தது, ஆட்டக்காரர்களிடம் ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது என்பது. இதை ஊகிக்காமல் குழுவில் கேட்டு எழுதி வையுங்கள். ஐந்து பேரில் இரண்டு பேரிடம் போன் மட்டும்தான் என்றால் பல மென்பொருள்கள் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். வாங்குவதற்கு முன்பு தெரிந்தால் லாபம்.

மூன்றாவது, வாரத்துக்கு நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தயாரிப்பீர்கள்? ஆசைப்படும் நேரத்தைச் சொல்லவில்லை, கிடைக்கும் நேரத்தைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், சுவர்களும் விளக்குகளும் வைத்து வரைபடம் தயாரிக்கச் சொல்லும் மென்பொருள் உங்கள் கதை யோசிக்கும் நேரத்தை முழுக்க விழுங்கிவிடும்.

விதிகள் எங்கிருந்து வரும் என்பதையும் பாருங்கள். டி அண்டு டியின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. 2025இல் 5.2 பதிப்பும் அதே உரிமத்தில் வந்தது. இவற்றை இலவசமாக இறக்கி, வெட்டி ஒட்டி, உங்கள் குறிப்பேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் விதிகள் இலவசமாகவே இருக்கின்றன. புத்தகத்தை ஒரு முறை காகிதத்தில், இன்னொரு முறை டிஜிட்டலில், மூன்றாம் முறை வரைபட மென்பொருளுக்குள் என்று திரும்பத் திரும்ப வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பணம் கரையும் முக்கிய வழி. எஸ்ஆர்டி போதுமா என்று முதலில் பாருங்கள். தொடக்க நிலைக் கேம்பெயினுக்குப் பெரும்பாலும் போதும்.

2. முதல் இரண்டு செஷனைக் காகிதத்தில் ஓட்டுங்கள்

எந்தச் செயலியையும் இறக்கும் முன் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆட்டம் நடக்கும்போது எதையாவது தேடி நிற்க வேண்டிவந்தால், நோட்டின் ஓரத்தில் ஒரு எழுத்து போடுங்கள். பெயரைத் தேடினால் பெ. விதியைத் தேடினால் வி. அரக்கனின் எண்களைத் தேடினால் அ. படமோ வரைபடமோ தேடினால் ப. போன முறை என்ன நடந்தது என்று தேடினால் ந.

இரண்டு செஷன் முடிந்ததும் எந்த எழுத்து அதிகம் என்று பாருங்கள். பெ, ந இரண்டும் குவிந்திருந்தால் உங்களுக்குத் தேவை நல்ல குறிப்பேடு. வரைபட மென்பொருள் வாங்கினாலும் அந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும். வி அதிகமென்றால் விதிச் சுருக்கம் ஒன்றை அச்சிட்டு மேசையில் வைத்தால் பாதி தீர்ந்துவிடும். அ அதிகமென்றால் அரக்கர்களின் ஸ்டாட் பிளாக்கை (எண்கள் அடங்கிய பெட்டி) ஒரே இடத்தில் திரட்டும் வசதி வேண்டும். ப அதிகமாக இருந்தால் மட்டும்தான் ஆறாம் பகுதிக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கும்.

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். விளைவு, யாரோ ஒரு யூடியூபரின் தேவைக்கு அமைந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, அது ஏன் தனக்கு ஒத்துவரவில்லை என்று குழம்புவது.

3. குறிப்பேட்டுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள்

கேம்பெயினின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஒவ்வொரு செயலியையும் ஒரே சோதனையில் வைத்துப் பாருங்கள். ஒரு ஊர், மூன்று என்பிசிகள் (ஜிஎம் பேசி நடத்தும் பாத்திரங்கள்), ஒரு ரகசியம், ஒரு படம், இவ்வளவையும் உள்ளே ஏற்றுங்கள். பிறகு போனை எடுத்து, இணையத்தை அணைத்துவிட்டு, ஒரு என்பிசியின் பெயரைத் தேடுங்கள். பத்து நொடிக்குள் கிடைக்கிறதா? அடுத்து, ஏற்றிய எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு செயலியில் திறக்க முடிகிறதா? இந்த இரண்டிலும் தேறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான வார்ப்புருக்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்சிடியன்: என் முதல் பரிந்துரை இதுதான். இலவசம். குறிப்புகள் எல்லாம் உங்கள் கணினியிலேயே சாதாரண மார்க்டவுன் கோப்புகளாக இருக்கும், அதனால் நாளைக்கே நிறுவனம் மூடினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு பெயரை [[இப்படி]] இரட்டை அடைப்புக்குள் போட்டால் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு உண்டாகும். பக்கம் இன்னும் எழுதப்படாவிட்டாலும் பரவாயில்லை. ஆட்டத்தின் நடுவே வாயில் வந்த பெயரை அடைப்புக்குள் போட்டுவிட்டு நகரலாம், விவரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஸ்டாட் பிளாக், இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை எப்போது என்ற வரிசை), டைஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செருகுநிரல்கள் உண்டு. முதல் மாதம் அவற்றைத் தொடாதீர்கள். செருகுநிரலை மெருகேற்றிக்கொண்டே கதையை எழுதாமல் விட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

இதில் புதியவர்கள் இடறுவது சிங்க் விஷயத்தில், அதாவது கணினியிலும் போனிலும் ஒரே குறிப்பை ஒத்திசைத்து வைப்பதில். கணினியில் கூகுள் டிரைவ் கோப்புறைக்குள் குறிப்புகளை வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு போனில் அப்படியே திறக்கும் என்று நினைக்கிறார்கள். திறக்காது. போனிலுள்ள டிரைவ் செயலி உண்மையான கோப்புறையைக் கொடுப்பதில்லை. ஆப்பிள் கருவிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஐக்ளவுட் எளிது. மற்றவர்கள் அப்சிடியனின் கட்டண சிங்க் சேவையை எடுக்கலாம், அல்லது கோப்புறையையே ஒத்திசைக்கும் தனிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும். இரண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒவ்வொரு குறிப்புக்கும் முரண்பட்ட இரண்டு நகல் முளைக்கும், எது புதியது என்று செஷன் நடுவில் தெரியாது.

ஒன்நோட்: பேனாவால் எழுதிப் பழகியவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். பக்கத்தின் எந்த மூலையிலும் எழுதலாம், வரைபடத்தை ஒட்டி அதன் மேலேயே குறி போடலாம். ஆனால் குறிப்புகளை வெளியே எடுத்து வேறு செயலிக்குக் கொண்டுபோவது சிரமம்.

கூகுள் டாக்ஸ்: ஆட்டக்காரர்களுக்குப் பகிர இதைவிட எளிதானது இல்லை. ஜிஎம்மின் முழுக் குறிப்பேடாக வைத்தால் நூறு பக்கம் தாண்டியதும் போனில் திணறும். தலைப்புப் பாணிகளை ஒழுங்காகப் போட்டால் ஓரத்தில் உள்ளடக்கப் பட்டியல் தானாக வரும். வெறும் தடித்த எழுத்தில் தலைப்பு போட்டு அந்த வசதியை நம்ப வேண்டாம்.

நோஷன்: பட்டியல் பிரியர்களுக்கானது. இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். போர்க்கள வரைபடங்கள் பல அதைத் தாண்டிவிடும். இணையம் போனால் என்ன ஆகிறது என்பதை முன்பே சோதித்துவிடுங்கள்.

கான்கா, வேர்ல்டு ஆன்வில்: உலகம் படைக்கவே உருவான தளங்கள். ஊர், குலம், கடவுள், பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம் இருக்கும். எந்தப் பக்கத்தை எந்த ஆட்டக்காரர் பார்க்கலாம் என்று கான்காவில் தனித்தனியாக முடிவு செய்யலாம், அது நிஜமாகவே பயன்படும். வேர்ல்டு ஆன்வில் இலவசக் கணக்கில் உங்கள் உலகம் பொதுவெளியில் இருக்கும், மறைக்கக் கட்டணம் உண்டு. வில்லன் யார் என்று எழுதுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். எனக்கு இந்த வகைத் தளங்கள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. நிரப்பப்படாத படிவம் கண்ணில் பட்டால் நிரப்பத் தோன்றும், ஆட்டத்தில் யாருமே போகாத தேசத்தின் நாணய முறையை ராத்திரி ஒரு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

4. குறிப்புக்கு வடிவம் கொடுங்கள்

செயலி முடிவானதும் நாலு கோப்புறை போதும்: செஷன்கள், ஆட்கள், இடங்கள், விதிகள். இதற்கு மேல் முதல் நாளே பிரிக்காதீர்கள். எந்தப் பிரிவில் போடுவது என்று யோசிக்கும் இரண்டு நொடியில் குறிப்பு எழுதப்படாமலே போய்விடும்.

ஒரு என்பிசியின் பக்கம் எப்படி இருந்தால் ஆட்டத்தின் நடுவில் உதவும் என்பதற்கு ஒரு மாதிரி:

வெள்ளையம்மாள், சுங்கச்சாவடிக் கணக்கர்
பேச்சு: கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி. கண் பேரேட்டை விட்டு எழாது.
தேவை: கப்பலில் அடிமைப்பட்ட தம்பியை மீட்க வேண்டும்.
ரகசியம்: மூன்று பெட்டிகளைக் கணக்கில் எழுதாமல் விட்டிருக்கிறாள்.
நடந்தது: செஷன் 4இல் கட்சியிடம் (ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழு) லஞ்சம் வாங்க மறுத்தாள்.
இணைப்பு: [[சுங்கச்சாவடி]], [[கடற்கொள்ளையர்]]

பேச்சு முதலில் வருவதற்குக் காரணம், ஆட்டக்காரர் அவளிடம் பேசத் தொடங்கிய நொடியில் உங்களுக்கு வேண்டியது அதுதான். தேவை இரண்டாவது. ஏனென்றால் கட்சி என்ன கேட்டாலும் அவள் என்ன பதில் சொல்வாள் என்பது அதிலிருந்து வரும். தலைமுடி நிறம், வயது, பிறந்த ஊர் எதுவும் இதில் இல்லை, யாரும் கேட்பதில்லை. கேட்டால் அங்கேயே சொல்லிவிட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரகசியத்தை எப்போதும் அதே பெயரில், அதே இடத்தில் தனி வரியாக வையுங்கள். பக்கத்தை ஆட்டக்காரர்களுக்குப் பகிரும்போது எந்த வரியை நீக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

தமிழில் ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரைச் சில நாள் தமிழிலும் சில நாள் ஆங்கில எழுத்திலும் தட்டச்சுவது நம் பழக்கம். தேடல் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. வேகமாகத் தட்டும்போது உங்கள் விரல் எதற்குப் போகிறதோ அதையே பக்கத்தின் பெயராக வையுங்கள், மற்றதை மாற்றுப் பெயராகச் சேருங்கள். அப்சிடியனில் பக்கப் பண்புகளில் இதற்கு இடம் உண்டு. மற்றவற்றில் பக்கத்தின் முதல் வரியில் எழுதிவிட்டால் போதும்.

செஷன் முடிந்த கையோடு, வீட்டுக்குக் கிளம்பும் முன், ஐந்து வரி எழுதிவிடுங்கள்: எங்கே நின்றது, யாரைச் சந்தித்தார்கள், என்ன கிடைத்தது, என்ன வாக்குக் கொடுத்தார்கள், அடுத்து எங்கே போவதாகச் சொன்னார்கள். கொடுத்த வாக்குதான் பெரும்பாலும் மறந்துபோகும், அதுதான் பின்னால் நல்ல கதையாகவும் ஆகும். டிஸ்கார்டில் ஆடினால் கிரெய்க் என்ற பாட் (தானியங்கி நிரல்) ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிந்து தரும். எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஆனால் மூன்று மணி நேரப் பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை. தானியங்கி எழுத்தாக்கமோ தமிழும் ஆங்கிலமும் கற்பனைப் பெயர்களும் கலந்த பேச்சில் தடுமாறும். ஐந்து வரிக்கு ஈடில்லை.

5. ஆட்டக்காரர்கள் பக்கத்தைத் தீர்மானியுங்கள்

இங்கே ஒரே கொள்கை: புதிதாக ஒன்றுக்கு மேல் எதையும் நிறுவச் சொல்லாதீர்கள். தேதி முடிவு செய்வது எல்லோரும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே நடக்கட்டும், வாக்கெடுப்பு வசதி இருக்கிறது. ஆன்லைன் அல்லது கலவை ஆட்டமென்றால் டிஸ்கார்டைச் சேருங்கள். சுருக்கம், படங்கள், அரட்டை என்று மூன்று சேனல் போதும். பத்துச் சேனல் திறந்தால் எட்டு காலியாகக் கிடக்கும்.

கடிதம், வரைபடத் துண்டு போன்றவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் சுருக்கிவிடும், சின்ன எழுத்தெல்லாம் படிக்க முடியாமல் போகும். டிஸ்கார்டு இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

கேரக்டர் ஷீட்டுக்கு (ஒரு பாத்திரத்தின் எண்களும் திறன்களும் எழுதும் தாள்) டி அண்டு டி பியாண்ட் தளம் வசதியானது. கூட்டல் கழித்தலை அதுவே செய்துவிடும். இலவசக் கணக்கில் ஆறு பாத்திரங்கள் வரை வைக்கலாம். அங்கே பணம் கொடுத்து வாங்காத புத்தகத்தின் வகுப்புகளும் (பாத்திர வகைகள்) மந்திரங்களும் தெரியாது. கையில் அச்சுப் புத்தகம் இருப்பது கணக்கில் வராது. பாத்திரம் உருவாக்க உட்கார்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கம், நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் புதியவர்களுக்கு முதல் சில நிலைகள் வரை காகித ஷீட்டையே கொடுப்பேன். எண் எங்கிருந்து வருகிறது என்று கையால் எழுதிப் பார்த்தவர் பிறகு செயலிக்கு மாறினால் தடுமாறுவதில்லை. நேராகச் செயலிக்குப் போனவர் ஆறு மாதம் கழித்தும் "அட்டாக்குக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்பார்.

6. வரைபட மென்பொருள்: தேவையென்றால் மட்டும்

விடிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரைபட மேடைகள் பல இருக்கின்றன. எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும் வரிசையில் மூன்றைப் பாருங்கள்.

அவுல்பேர் ரோடியோ: உலாவியில் திறக்கும். வரைபடத்தைப் போட்டு, டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் வில்லை) வைத்து, இருட்டால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். விதிகள் எதுவும் அதற்குத் தெரியாது, அதுவே அதன் பலம். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மேசையில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

ரோல்20: 2012 முதல் இருக்கிறது. கேரக்டர் ஷீட், டைஸ், வரைபடம் எல்லாம் ஒரே இடத்தில். எதையும் நிறுவ வேண்டாம். முழுக்க ஆன்லைனில் ஆடும் புதிய குழுவுக்கு இது நியாயமான தேர்வு. இலவசக் கணக்கில் சேமிப்பிடம் சீக்கிரம் நிறையும், அதனால் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்.

ஃபவுண்ட்ரி: ஒரு முறை விலை கொடுத்து வாங்குவது. ஜிஎம் மட்டும் வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவியில் வருவார்கள். ஆழம் அதிகம். ஆனால் வாங்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள்.

முதலாவது, போனிலும் டேப்லெட்டிலும் ஆடுவதற்கு அது அதிகாரப்பூர்வமாக ஆதரவு தருவதில்லை. முதல் பகுதியில் எழுதி வைத்த கருவிப் பட்டியல் இங்கேதான் உதவும்.

இரண்டாவது, உங்கள் கணினிதான் சர்வர். வெளியிலிருந்து ஆட்டக்காரர்கள் வர ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். நம் ஊரில் பல இணைப்புகளில் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி தருவதில்லை, நிறைய வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வான் (WAN) ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள். ஐபி முகவரி காட்டும் இணையதளம் சொல்வதும் ரவுட்டர் சொல்வதும் வேறு வேறாக இருந்தாலும் அநேகமாக அதே கதைதான். அந்த நிலையில் போர்ட்டைத் திறப்பதில் பயனில்லை, எத்தனை வீடியோ பார்த்துச் செய்தாலும் வேலை செய்யாது. மாதக் கட்டணத்துக்கு ஃபவுண்ட்ரியை நடத்தித் தரும் ஹோஸ்டிங் சேவை எடுக்க வேண்டும், அல்லது டனல் வழியாக இணைக்க வேண்டும். கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். எல்லோரும் ஒரே வீட்டு வைஃபையில் ஆடினால் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

வரைபடத்தின் அளவு பற்றி ஒன்று. ஃபவுண்ட்ரியில் ஒரு கட்டத்துக்கு 100 பிக்சல், ரோல்20இல் 70 பிக்சல் என்பது இயல்பான அளவு. 30க்கு 20 கட்டம் உள்ள வரைபடம் 3000க்கு 2000 பிக்சல் இருந்தால் தாராளம். இணையத்தில் கிடைக்கும் படங்கள் இதைப் போல இரு மடங்கு பெரிதாக இருக்கும். அப்படியே போட்டால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அளவைக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் எடை பல மடங்கு இறங்கும்.

ஃபவுண்ட்ரியைப் புதுப்பிப்பதை ஆட்ட நாளில் செய்யவே கூடாது. பெரிய பதிப்பு மாறும்போது மாட்யூல்கள் (கூடுதல் வசதிச் செருகல்கள்) சில வேலை செய்யாமல் நிற்கும், புதிய பதிப்புக்கு மாற்றிய உலகத்தை பேக்கப் இல்லாமல் பழையதற்குத் திருப்ப முடியாது.

இனிஷியேட்டிவுக்கு மட்டும் ஒரு செயலி வேண்டுமா என்று கேட்பார்கள். மேசை ஆட்டத்தில் வேண்டாம். தடித்த தாளை மடித்துப் பெயர் எழுதி ஜிஎம் திரையின் (குறிப்பை மறைக்க ஜிஎம் முன்னால் நிறுத்தும் அட்டை) மேல் வரிசையாக மாட்டினால் எல்லோருக்கும் தெரியும், அடுத்து யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

7. இப்போது கருவிகள்

இதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும். பலருக்கு ஏற்கெனவே இருக்கும் லேப்டாப்பே போதும். குறிப்பேடு, உலாவியில் நாலு தாவல், ஒரு பிடிஎஃப் என்றால் 8 ஜிபி ராம் சமாளிக்கும். ஃபவுண்ட்ரி சர்வரும் டிஸ்கார்டும் அதே கணினியில் ஓடினால் 16 இருப்பது நல்லது.

டேப்லெட் வாங்குவது பிடிஎஃப் படிக்கத்தான் என்றால் அளவைக் கவனியுங்கள். விதிப் புத்தகங்கள் பெரும்பாலும் எட்டரைக்குப் பதினொரு அங்குலப் பக்கம், இரண்டு பத்தியாக அச்சிட்டது. 10 முதல் 11 அங்குல டேப்லெட்டில் அந்தப் பக்கம் ஏறத்தாழ முக்கால் அளவில் தெரியும், படிக்கலாம். 8 அங்குலத்தில் பாதியாகச் சுருங்கும், ஒவ்வொரு பத்தியையும் விரலால் பெரிதாக்கி இழுக்க வேண்டும். மின்தாள் டேப்லெட்டுகள் எழுதுவதற்கு அருமை, ஆனால் முந்நூறு பக்கப் புத்தகத்தில் முன்னும் பின்னும் தாவுவதற்கு மெதுவானவை. எந்தக் கருவியானாலும், அன்றைய செஷனுக்கு வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் தனி பிடிஎஃபாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இது கருவியை மாற்றுவதைவிட அதிக வேகம் தரும்.

டிவியைப் படுக்கவைத்து வரைபடம் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மினியேச்சர் (பாத்திரத்துக்கான சின்னப் பொம்மை) வைப்பதென்றால் ஒரு கட்டம் சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். 43 அங்குல டிவியின் திரை ஏறத்தாழ 37.5க்கு 21 அங்குலம், அதாவது 37க்கு 21 கட்டம் கொள்ளும். அறை இரண்டு, ஒரு தாழ்வாரம் வரை தாராளமாக வரும். அதில் முழு எச்டி என்றால் ஒரு அங்குலத்துக்கு 51 பிக்சல், 4கே என்றால் 102. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது முழு எச்டியில் எழுத்து கொஞ்சம் பிசிறும், படம் பரவாயில்லை. 32 அங்குலத்தில் சுமார் 28க்கு 15 கட்டம்தான். கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசியில் ஒரு ஸ்கேலைத் திரை மேல் வைத்துப் பெரிதாக்கிச் சரிசெய்வதுதான் நம்பகமானது. விண்டோஸின் திரை அளவு அமைப்பு 150 சதவீதத்தில் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

டிவியின் படப் பரப்பு அமைப்பில் ஓரத்தை வெட்டாத தேர்வைப் போடுங்கள், இல்லாவிட்டால் வரைபடத்தின் விளிம்பு காணாமல் போகும். முதுகில் இருக்கும் காற்றுத் துளைகள் மேசையில் அழுந்தாதபடி கட்டையோ ரப்பரோ வைத்து உயர்த்துங்கள். பக்கத்தில் டீ வைக்க விடாதீர்கள்.

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் விண்டோஸ் சில நேரம் உங்கள் திரையை அப்படியே டிவியில் காட்டிவிடும். வில்லனின் பெயரோடு குறிப்பேடு நடு மேசையில் பளிச்சென்று தெரியும். செருகும் முன் குறிப்பேட்டை மூடுங்கள், விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி நீட்டித்த திரை என்பதைத் தேர்ந்தெடுங்கள், பிறகு திறவுங்கள். விடிடியில் டிவிக்கென்று தனியாக ஒரு ஆட்டக்காரர் கணக்கு உருவாக்கி, வேறொரு உலாவியில் திறந்து டிவி பக்கம் இழுத்துவிடுங்கள். ஜிஎம் கணக்கு டிவியில் தெரியவே கூடாது.

கலவை ஆட்டத்துக்கு முதலில் செலவு செய்ய வேண்டியது ஒலிக்குத்தான், கேமராவுக்கு இல்லை. மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் தனித்தனிப் போனில் டிஸ்கார்டு குரலில் சேர்ந்தால் எதிரொலி காதைக் கிழிக்கும். ஒரே ஒரு கருவி குரலில் சேரட்டும், நாலு பக்கமும் கேட்கும் கான்ஃபரன்ஸ் மைக்கை அதில் இணைத்து நடுவில் வையுங்கள். அதே மேசையில் டைஸ் உருட்டினால் தூரத்தில் இருப்பவருக்கு இடி இடிப்பது மாதிரி கேட்கும். டைஸ் தட்டுக்கு அடியில் மடித்த துண்டு போடுங்கள்.

8. மின்சாரமும் பேக்கப்பும்

மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று மாட்டுங்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள். அன்றைய செஷனுக்கான என்பிசி பட்டியலும் அரக்கர் எண்களும் ஒரு தாளில் அச்சாகி இருந்தால் எது போனாலும் ஆட்டம் நிற்காது.

பேக்கப்பை ஒவ்வொரு செஷனும் முடிந்த பிறகு எடுங்கள். அப்சிடியன் என்றால் கோப்புறையை நகலெடுத்தால் முடிந்தது. ஃபவுண்ட்ரியில் பயனர் தரவுக் கோப்புறை முழுவதையும் எடுக்க வேண்டும். சிங்க் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது, ஒரு கருவியில் தவறி அழித்தது மற்றக் கருவியிலும் அழிந்துவிடும்.

9. ஆள் இல்லாத ஒத்திகை

முதல் செஷனுக்கு இரண்டு நாள் முன்பு, ஆடப்போகும் அதே இடத்தில், அதே கேபிளோடு எல்லாவற்றையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். முதல் நாள் இரவு செய்தால் பழுது தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. ஒரே ஒரு ஆட்டக்காரரை ஆன்லைனில் வரச் சொல்லி, டைஸ் உருட்டி, டோக்கனை நகர்த்தி, ஒரு படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். குழுவிலேயே மிகப் பழைய கருவி வைத்திருப்பவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள், அவருக்கு ஓடினால் எல்லோருக்கும் ஓடும்.

ஆட்ட நாளில் கணினியின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள்.

10. பாதியில் செயலி மாற்ற நினைத்தால்

கேம்பெயின் நடுவில் இன்னொரு செயலி கண்ணை இழுக்கும். இரண்டாம் பகுதியில் சொன்ன எழுத்துக் குறி முறையை மறுபடி ஒரு செஷனுக்குப் போட்டுப் பாருங்கள். தேடி நிற்பது குறைந்திருந்தால் மாற வேண்டிய அவசியம் இல்லை. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப விழுந்தால் மாறுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரக் கடைசியில் கொண்டுபோக முயலாதீர்கள். அந்த வேலையில்தான் பல கேம்பெயின்கள் நின்றே போகின்றன.

அடுத்த செஷனுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் புதிய இடத்துக்கு நகர்த்துங்கள். அதற்கடுத்த செஷனுக்கு வேண்டியதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கட்சி திரும்பிப் போகாத ஊர்கள் பழைய இடத்திலேயே கிடக்கட்டும். பழைய கோப்புறையின் பெயரில் "பழையது" என்று சேர்த்துவிடுங்கள், அவசரத்தில் அதைத் திறந்து புதுக் குறிப்பை அங்கே எழுதிவைக்க மாட்டீர்கள்.